தூர்தர்ஷன் முதல் யூட்யூப் வரை: தமிழ்ப் பிள்ளைகள் பார்த்ததெல்லாம் யாருக்காக எடுத்தது?

கேள்வி இது: "தூர்தர்ஷன் காலத்தில் குழந்தைகளும் குடும்பமும் சேர்ந்து பார்க்க நல்ல நிகழ்ச்சிகள் இருந்தன, இப்போது ஒன்றுமே இல்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? எந்தக் காலம்தான் நன்றாக இருந்தது?"

பாதி உண்மை. எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் பார்த்த நிகழ்ச்சி குழந்தைகளுக்காக எடுத்ததா, அதுவும் தமிழ்க் குழந்தைகளுக்காக எடுத்ததா என்று கேட்டால், எந்தக் காலத்திலும் பெரும்பாலும் இல்லை என்பதுதான் என் பதில். பெரியவர்களுக்கு எடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், இல்லாவிட்டால் வேறு ஏதோ நாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்ததை மொழிமாற்றிப் பார்த்தார்கள். நடுவில் சில விதிவிலக்குகள் உண்டு, அவைதான் எனக்கு முக்கியம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15. தில்லியில் 1959-லேயே சோதனையாக ஆரம்பித்துவிட்டார்கள், மும்பைக்கு 1972-ல் வந்தது. அதே 1975-ல் நாசாவின் செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம் என்று. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை, ஆனால் அன்றைக்கு அரசாங்கம் டிவியை எப்படிப் பார்த்தது என்பது இதிலிருந்து தெரியும். வீட்டுக்குள் வந்த ஒரு வகுப்பறையாகத்தான் பார்த்தார்கள். சென்னை நிலையமும் அந்தக் குணத்தோடுதான் வளர்ந்தது. விவசாயத்துக்கு வயலும் வாழ்வும், பார்வையாளர் கடிதங்களுக்கு எதிரொலி, பள்ளிக்கூடப் பாடத்துக்குக் காண்போம் கற்போம், பிள்ளைகளுக்குக் கண்மணிப் பூங்கா. கண்மணிப் பூங்காவில் பிள்ளைகளே வந்து பாடுவார்கள், ஆடுவார்கள், கதை சொல்வார்கள். இன்றைக்குப் பார்த்தால் ரொம்ப எளிமையான நிகழ்ச்சி, பின்னணியில் ஒரு துணித்திரை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அது தமிழில் பேசும் பிள்ளைகளைத் தமிழில் பேசவிட்டு எடுத்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பின்னால் வந்தவற்றைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அப்போது டிவி வைத்திருக்க அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டும், 1980களின் நடுவில்தான் அதை ஒழித்தார்கள். டயனோரா, சாலிடேர் என்று சென்னைக் கம்பெனிப் பெட்டிகள், மரச்சட்டம், இழுத்து மூடும் கதவு. தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு போடும் ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம் இரண்டுக்கும் அந்த ஒரு வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும். "குடும்பத்தோடு பார்த்தோம்" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஒரு சேனல், ஒரு பெட்டி, ஒரு நேரம் என்று இருந்தால் சேர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நிகழ்ச்சியின் தரத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. இரவு ஒன்பது மணிக்கு முன்பே ஒளிபரப்பு தில்லிக்குப் போய்விடும், இந்தி செய்தி ஆரம்பித்ததும் பாய் விரித்துவிடுவார்கள். தென்மாவட்டங்களில் நிலைமை இன்னும் வேறு. சென்னை அலை அங்கே எட்டாது, கொடைக்கானல் கோபுரம் வரும்வரை தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினிதான் பார்த்தார்கள். 1982-ல் ஜப்பான் உதவியோடு தொடங்கிய நிலையம் அது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைப்பட இயக்குநர் ஒரு மொழிமாற்றுப் பிரிவை உருவாக்கி, வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் புதிதாகவே எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் அங்கே ஒரு தலைமுறை அந்தக் குரல்களைத் தங்கள் சொத்தாகப் பேசுகிறது. மொழிமாற்றம் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன், மனசு வைத்துச் செய்தால் அதுவும் படைப்புதான்.

சரி, 1980களின் பெரிய தொடர்களுக்கு வருவோம். 1984-ல் ஹம் லோக், 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ராமாயணம், 1988 அக்டோபரில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம். ஞாயிறு காலை தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று சொல்வது மிகையில்லை, இந்தி தெரியாத தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். கதை தெரியும் என்பதால் மொழி தெரியாதது ஒரு தடையாக இல்லை. பாட்டி பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வருவார், பிள்ளைகள் பார்ப்பார்கள். அந்தப் பாட்டியின் விளக்கம்தான் உண்மையான நிகழ்ச்சி என்றுகூடச் சொல்வேன், திரையில் வந்தது அதற்குப் படம். ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் பெரியவர்களுக்கு எடுத்தது. பிள்ளைகள் கூட உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகளை நடுவில் வைத்து எடுத்ததில் அந்தக் காலத்தின் உச்சம் என்றால் என் கணக்கில் மால்குடி டேஸ்தான். கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்தவர். தொடரை இயக்கியது கன்னடத்தின் சங்கர் நாக், படமாக்கியது கர்நாடகத்தின் ஆகும்பே என்ற மழைக்காட்டு ஊரில், படங்கள் வரைந்தது தம்பி ஆர்.கே. லட்சுமண், இசை நம்ம எல். வைத்தியநாதன். சுவாமி என்ற பையனாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தை மறக்க முடியுமா. ஒரு பையனின் பயம், பொய், பரீட்சை, கூட்டாளியோடு சண்டை, இவற்றையெல்லாம் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு அந்தப் பையனின் உயரத்திலிருந்து பார்த்த தொடர் அது. அறிவுரை சொல்லவில்லை, கடைசியில் நீதி சொல்லவில்லை. ஆனால் அதை எடுத்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும். தென்னிந்தியக் கதை, தென்னிந்திய இயக்குநர், தென்னிந்திய ஊர், தென்னிந்திய இசை, ஆனால் மதுரையில் ஒரு பிள்ளை அதைப் புரியாத மொழியில் பார்த்தது. எனக்கு அதுதான் இன்னும் ஆறாத விஷயம்.

இதைவிட வருத்தமான ஒன்று விக்கிரமாதித்தன் கதை. வாளை உருவிக்கொண்டு தோளில் வேதாளத்தைச் சுமந்து போகும் ராஜா, அந்தப் படத்தை வரைந்தவர் அம்புலிமாமாவின் ஓவியர் சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன். வடபழனியில் உட்கார்ந்து வரைந்த படம் அம்புலிமாமாவின் மற்ற மொழிப் பதிப்பான சந்தமாமா வழியாக இந்தியா முழுவதும் போனது. ஆனால் அதே கதை 1985-ல் டிவிக்கு வந்தபோது மும்பையிலிருந்து இந்தியில் விக்ரம் அவுர் பேதாள் என்று வந்தது. அச்சில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதுவும் குறைவில்லை. அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், ரத்னபாலா, அழ. வள்ளியப்பாவின் பாட்டு, வாண்டுமாமாவின் கதை, முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி. எழுத ஆள் இருந்தார்கள், வரைய ஆள் இருந்தார்கள், வாசிக்க லட்சக்கணக்கில் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் செல்வத்தில் கால்வாசியாவது டிவிக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் பேசும் குறையின் மையமே இதுதான்.

1993-ல் தூர்தர்ஷனில் வந்த ஜங்கிள் புக்கைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அது போன பாதையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்துச் சிவனி காட்டில் நடக்கும் கதை, எழுதியவர் கிப்ளிங், அதை எழுதியபோது இருந்தது அமெரிக்காவில், கார்ட்டூனாக எடுத்தது ஜப்பானில் நிப்பான் அனிமேஷன், இந்தியில் மொழிமாற்றி குல்சார் பாட்டும் விஷால் பரத்வாஜ் இசையும் சேர்த்து நமக்கு வந்தது. அதே வருஷங்களில் டக்டேல்ஸ், டேல்ஸ்பின் என்று டிஸ்னியும் ஞாயிறு காலைகளில் இந்தியில் வந்தன. பிள்ளைகள் சந்தோஷமாகப் பார்த்தார்கள், அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஏன் எல்லாமே வெளியிலிருந்து வந்தது?

காரணம் பணம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்ட்டூனில் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும். 22 நிமிட எபிசோடு என்றால் 15,840 படம். பாதியை மிச்சம் பிடித்து, வாய் மட்டும் அசைவது, பின்னணி மட்டும் நகர்வது என்று சிக்கனம் செய்தாலும் ஆயிரக்கணக்கில் வரும். அதற்கு மாறாக, வெளிநாட்டில் ஏற்கெனவே எடுத்து, போட்ட பணத்தை அங்கேயே எடுத்துவிட்ட தொடரை வாங்கினால், இங்கே வேண்டியது ஓர் ஒலிப்பதிவு அறையும் ஐந்தாறு குரல் கலைஞர்களும் வசனம் எழுத ஒருவரும்தான். எந்தச் சேனல் நடத்துகிறவருக்கும் இரண்டாவதுதான் கண்ணில் படும். அமெரிக்காவில் கார்ட்டூனுக்குப் பணம் பொம்மைக் கம்பெனியிலிருந்தே வந்தது. 1983-ல் வந்த ஹீமேன் ஏற்கெனவே மட்டெல் விற்றுக்கொண்டிருந்த பொம்மை, தொடர் அதற்கு ஒரு நீண்ட விளம்பரம். நம்மூரில் அந்த வழியும் அன்றைக்கு இல்லை.

பணம் மட்டும்தான் காரணமா என்றால், மனசும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1969-ல் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன் ஒளிபரப்பாகாத பகுதிகளைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் சில நொடிக்கு ஒரு தரம் வேறு வேறு படம் மாறிக்கொண்டே இருக்கும், குழந்தையின் கண் எப்போது டிவியை விட்டு அந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொள்வார். கண் விலகிய இடத்தை வெட்டி மறுபடி எடுத்தார்கள். குழந்தைக்கு நிகழ்ச்சி எடுப்பது என்றால் இவ்வளவு வேலை. அதன் இந்திய வடிவம் கலி கலி சிம் சிம் 2006-ல் வந்தது, அதுவும் இந்தியில். இந்தியாவிலும் அந்த அக்கறைக்கு ஆள் இல்லாமல் இல்லை. 1974-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலே எடுத்த ஏக் அனேக் அவுர் ஏக்தா என்ற சின்னக் கார்ட்டூனை, பறவைகள் வலையோடு பறக்குமே, அதைத் தூர்தர்ஷன் திரும்பத் திரும்பப் போட்டது. சில நிமிடப் படம், வாழ்நாள் முழுக்க நிற்கிறது. அதுபோல ஒன்றைத் தமிழிலேயே யோசித்து எடுத்திருந்தால் இன்றைக்கும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான். பின்னாலேயே ராஜ், விஜய், ஜெயா. தமிழ் வீட்டில் தமிழ் மட்டும் கேட்கும் காலம் வந்தது, அது பெரிய விடுதலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டத்தில் குடும்பத்தோடு பார்த்தவற்றில் நான் முதலில் சொல்வது மர்மதேசம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. அதன் பாகங்களான ரகசியம், விடாது கருப்பு என்று பெயரைச் சொன்னாலே முப்பதைத் தாண்டிய யாருக்கும் முதுகில் ஒரு சிலிர்ப்பு வரும். பிள்ளைகளுக்கு எடுத்ததல்ல, ஆனால் பிள்ளைகள் போர்வைக்குள் இருந்து ஒரு கண்ணால் பார்த்தார்கள். ஏன் அவர்களை அப்படிப் பிடித்தது? ஊர்க்காவல் தெய்வம், குதிரை, சாமியாடி, தோப்பு, பாழடைந்த வீடு, எல்லாமே அவர்கள் விடுமுறைக்குப் போகும் தாத்தா ஊரில் இருந்தவை. பயம்கூட நம்மூர்ப் பயமாக இருந்தது. அதோடு பார்க்கிறவரை முட்டாளாக நினைக்கவில்லை, சாமியா மனிதனா என்ற கேள்வியை வாரக்கணக்கில் திறந்தே வைத்தது. பிள்ளைகளும் அதைப் பற்றி வகுப்பில் வாதாடினார்கள். நல்ல குடும்ப நிகழ்ச்சிக்கு என் அளவுகோல் இதுதான், மறுநாள் பெரியவரும் சின்னவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேச முடிய வேண்டும்.

அதே நாகாவின் ரமணி வெர்சஸ் ரமணி இன்னொரு நல்ல உதாரணம், கணவன் மனைவி இரண்டு பேரும் ரமணி, வீட்டுச் சண்டை, மாமனார் மாமியார், யாரையும் அழவைக்காமல் அரை மணி நேரம். ஆனால் 1999-ல் சித்தி வந்து தினசரி நெடுந்தொடர் காலம் முழுவேகத்தில் ஆரம்பித்ததும் மாலை நேரம் முழுக்க அதற்கே போய்விட்டது. அவற்றை நான் தாழ்வாகச் சொல்லவில்லை, 2002-ல் தொடங்கிய மெட்டி ஒலி போன்றவை குடும்பங்களை உண்மையாகவே ஒன்றாக உட்கார வைத்தன. ஆனால் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து பார்க்க என்று ஓர் அரை மணி நேரத்தை யாரும் ஒதுக்கவில்லை.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு மை டியர் பூதம். 2004 முதல் 2007 வரை சன் டிவியில், 900-க்கும் மேல் எபிசோடுகள். மூசா என்ற குட்டிப் பூதமும் அதன் பள்ளிக்கூடக் கூட்டாளிகளும். பின்னால் சினிமாவில் பெயர் வாங்கிய நிவேதா தாமஸ் அதில் சிறுமியாக நடித்தார். கிராபிக்ஸ் சுமார்தான், கதை சில வாரங்களில் இழுவைதான். இருந்தும் 1990களின் கடைசியில் பிறந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். காரணம் சுலபம். தமிழ்ப் பிள்ளைகள், தமிழ்ப் பள்ளிக்கூடம், தமிழ் வீடு, தினமும் ஒரே நேரம். இது எடுபடாது என்று யாரும் சொல்ல முடியாது, மூன்று வருஷம் எடுபட்டது. அதற்குப் பிறகு ஏன் இதே அளவில் அடுத்தது வரவில்லை என்பதுதான் நான் சேனல்காரர்களிடம் கேட்க நினைக்கும் கேள்வி.

இதற்கு நடுவில் இன்னொரு பக்கம் கேபிள் வழியாகக் கார்ட்டூன் வெள்ளம். கார்ட்டூன் நெட்வொர்க் 1995-ல் இந்தியாவுக்கு வந்தது. 2004 ஒரே வருஷத்தில் போகோ, ஹங்காமா, டிஸ்னி மூன்றும் வந்தன. அதே சமயம் 2006-லிருந்து தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்து, மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தது. இதைப் பலர் அரசியலாக மட்டும் பார்க்கிறார்கள். பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்தால் அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று எட்டிப் பார்த்த ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டில் ரிமோட் கிடைத்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கியது. முழுக்கத் தமிழில் ஒரு குழந்தைகள் சேனல் அது. இலவச டிவி, சுட்டி டிவி இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்ததுதான் அந்தத் தலைமுறையின் அதிர்ஷ்டம்.

சுட்டி டிவியின் மொழிமாற்றத்தை நான் மனசாரப் பாராட்டுவேன். டோராவும் புஜ்ஜியும், "குள்ளநரி திருடக்கூடாது" என்று வீடு வீடாகக் கேட்ட குரல், ஜாக்கி சானின் சாகசங்களில் வந்த நக்கல் வசனங்கள், இன்றைக்கும் மீம்ஸில் ஓடுகின்றன. வசனம் எழுதியவர்கள் வாயசைவுக்கு வார்த்தை அடுக்கவில்லை, தெருவில் பேசும் தமிழைக் கொண்டுவந்தார்கள். முன்பு சொன்ன தொட்டவத்த செய்ததற்குச் சமமான வேலை இது, ஆனால் இங்கே அந்தக் குரல் கலைஞர்கள், வசனகர்த்தாக்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அது நியாயமில்லை.

மற்ற சேனல்களில் நிலைமை வேறு. தேசிய அளவில் நடக்கும் குழந்தைகள் சேனல் ஒரே படத்தை நாடு முழுவதும் அனுப்பும், கூடவே இந்தி, தமிழ், தெலுங்கு என்று தனித்தனி ஒலித்தடம். நாம் மொழியை மாற்றிக்கொள்கிறோம். விளம்பரம் எல்லோருக்கும் ஒன்று, செலவு குறைவு. அதனால் 2008-ல் ஹைதராபாத் கிரீன் கோல்டு எடுத்த சோட்டா பீம் தமிழில் பேசுகிறான், ஆனால் சாப்பிடுவது லட்டு, ஊர் தோலக்பூர். 2012-ல் வந்த மோட்டு பட்லுவில் சமோசா. பேச்சு மட்டும் தமிழ், மற்ற எல்லாம் வடக்கு. பொங்கல் வராது, ஆடி வராது, கோயில் திருவிழாவில் பலூன்காரர் வரமாட்டார். பீம் நல்ல தொடர், இந்தியர்கள் எடுத்தது, அதில் பெருமைதான். ஆனால் தென்னிந்தியாவிலும் ஆள் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன், 2003-லேயே திருவனந்தபுரம் டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனைக் கார்ட்டூனாக எடுத்துக் கார்ட்டூன் நெட்வொர்க்கில் காட்டியது. சென்னையின் பென்டாமீடியா 2000-லேயே நடிகர்களின் அசைவைப் பதிந்து சிந்துபாத் கதையை முழுநீளப் படமாக எடுத்தது. திறமை இங்கே இருந்தது, அது வெளியூர் வேலைக்குப் போனது.

ஷின்சானைப் பற்றியும் ஒரு வரி. பெற்றோர் புகாரால் 2008-ல் அரசு தடை செய்து, வெட்டித் திருத்திய பிறகு மறுபடி விட்டார்கள். ஜப்பானில் அது பெரியவர்கள் படிக்கும் பத்திரிகையில் ஆரம்பித்த கதை. கார்ட்டூன் என்றாலே குழந்தைக்குத்தான் என்று வாங்கிப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

2010-க்குப் பிறகு "குடும்ப நிகழ்ச்சி" என்றால் போட்டி நிகழ்ச்சி என்றாகிவிட்டது. பிள்ளைகள் பாட, பெரியவர்கள் பார்க்க. குட்டி சுட்டீஸில் இமான் அண்ணாச்சி சின்னப் பிள்ளைகளோடு பேசியது எனக்குப் பிடிக்கும், அங்கே பிள்ளை பிள்ளையாகவே பேசியது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைக் காதல் தோல்விப் பாட்டுப் பாடவைத்து, வெளியேற்றும்போது அழவைத்து, அந்த அழுகையை மெதுவாக ஓட்டி இசை போடும் நிகழ்ச்சிகளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இதற்குச் சட்டம் உண்டு, பலருக்குத் தெரியாது. 2017 விதிகளின்படி குழந்தைக் கலைஞரை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பு வைக்க வேண்டும். உங்கள் பிள்ளையை அனுப்ப நினைத்தால் முதலில் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டபோது கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். பழையது திரும்ப வந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்குத் தோன்றியது வேறு. எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள், அதுதான் திரும்ப வந்தது. அதே காலத்தில் குக் வித் கோமாளி ஓடியதற்கும் இதுவே ஒரு காரணம், பாட்டிக்குச் சமையல், பிள்ளைக்குக் கோமாளி, நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டும். யாரையும் மட்டம் தட்டாமல் சிரிக்கவைத்த நாட்களில் அது நல்ல குடும்ப நிகழ்ச்சிதான்.

இப்போது யூட்யூப். உலகத்தில் பல கோடிச் சந்தாதாரர்களோடு குழந்தைப் பாட்டுப் போடும் சூச்சூ டிவி நம்ம சென்னையில் 2013-ல் ஆரம்பித்தது. அவர்கள் பெரிதானது ஆங்கிலப் பாட்டில், தமிழுக்குத் தனிச் சேனல் பிறகு வந்தது. மறுபடி அதே கதைதான், கை நம்முடையது, சந்தை வேறு. அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரங்கம். ஊரடங்கில் பாடம் நடத்தி நிறையப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. விளம்பரத்துக்கு அடிமையாக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு தமிழ்ச் சேனல் கையில் இருக்கும்போது, பாடம் போக நாளுக்கு அரை மணி நேரம் கதைக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறேன். கார்ட்டூன்கூட வேண்டாம், பொம்மலாட்டம் போதும், நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சொன்னாலே போதும். அச்சில் கிடக்கும் கதைகளுக்கு முறையாக உரிமை வாங்கினால் சில வருஷத்துக்குச் சரக்கு இருக்கிறது.

ஆக, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது: சேர்ந்து பார்த்ததற்கு 1980கள், தமிழில் நல்ல கதை பார்த்ததற்கு 1990களின் பிற்பாதி, பிள்ளைகள் தங்களுடையது என்று உரிமையோடு பார்த்ததற்கு 2004 முதல் சுமார் பத்து வருஷம். மூன்றும் ஒரே காலத்தில் அமையவில்லை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் என்ன காட்டலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழே முடிந்தவரை எதுவும் வேண்டாம், காட்டினாலும் பக்கத்தில் இருங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை தெனாலிராமனும் ஏக் அனேக்கும், இரண்டாவதற்கு நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள், சில நிமிடம்தானே. எட்டுக்கு மேல் மால்குடி, முதலில் சுவாமி வரும் எபிசோடுகள், ஒரு நாளைக்கு ஒன்று, தொடர்ந்து ஓடவிடாதீர்கள். பன்னிரண்டு தாண்டினால் விடாது கருப்பு, வாரம் ஓர் எபிசோடு என்று அந்தக் காலத்து இடைவெளியிலேயே பாருங்கள். அடுத்து என்ன என்று காத்திருக்கும் அந்த ஆறு நாளில்தான் வீட்டில் பேச்சு நடக்கும். ஒரே ராத்திரியில் மொத்தமாகப் பார்த்தால் அது கிடைக்காது.